சங்கிலியார் பக்கத்துக் கதை

பேசின் பிரிட்ஜ்

அன்புள்ள கயல்,

‘சர்சி’ நாவலை ஒரே மூச்சில் முடித்ததாக எழுதியிருந்தாய். மேடலின் மில்லர் அதை வெளியிட்ட 2018-லேயே பாட் பார்க்கரின் நாவலும் வந்தது. ட்ராய் போரில் அக்கிலீஸுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட பிரிசேயிஸ் அதில் வாய் திறக்கிறாள். தேடிப் படி. மார்கரெட் அட்வுட் 2005-லேயே ஒரு நாவலில் ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியைப் பேச வைத்துவிட்டார். அதில் என்னை உலுக்கியவர்கள் ஒடிசியஸ் வீடு திரும்பியதும் தூக்கிலிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்கள்தான். ஹோமர் சில வரிகளில் தாண்டிப்போன அந்தச் சாவை, அட்வுட் புத்தகம் நெடுகப் பாட விட்டிருக்கிறார்.

“நம்மிடம் ஏன் இப்படி இல்லை?” என்று கேட்டாயே, அதுதான் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இருக்கிறது. நாம்தான் புரட்டிப் பார்ப்பதில்லை.

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ 1943-ல் வந்தது. ராமன் கால் பட்டு அகலிகை எழுந்தாள் என்பதோடு மற்றவர்கள் முடித்துக்கொள்வார்கள். இவர் அங்கேதான் தொடங்குகிறார். எழுந்தவள் கௌதமரோடு மறுபடி குடித்தனம் நடத்த வேண்டும், நாலு பேர் பார்வையைத் தாங்க வேண்டும். வனவாசம் முடிந்து சீதை பார்க்க வருகிறாள்; தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். தன்னை மன்னித்த ராமனா இதைக் கேட்டான் என்று அகலிகைக்குத் தாங்கவில்லை. திரும்பவும் கல்லாகிறாள். கவனி, ஒரு பிரசங்கம்கூட இல்லை. இன்று இப்படி எழுதுகிறவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான்: புராணப் பெண்ணின் கையில் மைக்கைக் கொடுத்துவிடுகிறார்கள்.

எம்.வி.வெங்கட்ராமின் ‘நித்திய கன்னி’யையும் படி. குதிரைகளுக்காக அரசன் மாற்றி அரசனிடம் ஒப்படைக்கப்பட்ட மாதவியின் கதை. அம்பையின் ‘அடவி’யில் செந்திரு காட்டுக்குப் போய்ச் சீதையின் கதையைத் தானே எழுதுகிறாள்.

சரி, நீயும் எழுத ஆசைப்படுகிறாய். அதற்கு ட்ராய் வரை போக வேண்டாம். இங்கிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், அடுத்தது திருவொற்றியூர். அந்த ஊர்ச் சிவன் கோயிலில்தான் சங்கிலியார் பூத்தொடுத்தார். பெரியபுராணத்தில் நீ படித்தது சுந்தரர் கதை. அவரை விட்டுவிட்டு இந்தப் பெண்ணைப் பார். ஞாயிறு என்ற ஊரில் பிறந்தவர். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்ததும் மயங்கி விழுந்து, சிவனடியாருக்கே வாழ்க்கைப்படுவேன் என்று சொல்லி, ஒற்றியூர்க் கன்னிமாடத்துக்கு வந்துவிட்டவர். திருவாரூரில் பரவையாரை ஏற்கெனவே மணந்த சுந்தரர் இவரையும் விரும்புகிறார். பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்வார்களே என்று, சன்னதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். சிவனோ சங்கிலியார் கனவில் வந்து, மகிழடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். அப்படியே நடக்கிறது. பின்னால் வாக்குத் தவறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போகிறது.

அதற்கப்புறம் சேக்கிழார் சுந்தரரோடு போய்விடுகிறார்: காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண், பரவையாரின் ஊடல், சிவனே போன தூது. ஒற்றியூரில் நின்றவர் நின்றபடியே இருக்கிறார். உன் கதை அங்கே தொடங்கட்டும். கண் போன செய்தியை அவருக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் விடியலில் பூக்கூடையை எடுத்தாரா? கனவில் வந்த சாமிமேல் கோபம் வந்ததா? தான் கேட்ட சத்தியம்தான் அவர் கண்ணைப் பறித்தது என்று குமைந்தாரா? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டாம், ஒன்றைப் பிடித்துக்கொள். சேக்கிழாரை முழுதாகப் படித்துவிட்டு எழுது. மூலம் தெரியாமல் எழுதினால் வெறும் வசைதான் மிஞ்சும்.

மாசியில் அந்தக் கோயிலில் மகிழடி சேவை நடக்கும், கூட்டிப் போகிறேன். அதற்குள் நாலு பக்கமாவது எழுதி அனுப்பு. அடித்தல் திருத்தலோடு இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
பெரியம்மா