பழைய காரின் கியர் பெட்டியும் எண்ணெய்க் கசிவும்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவாகி வந்த அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆயினும் அவ்வண்டிகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. எங்கள் வீட்டிலும் பழைய 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜின் கொண்ட ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது நிற்கும் இடத்தில் எண்ணெய்ப் புள்ளிகள் விழத் தொடங்கியபோது, "கியர் பாக்ஸ் சீல் போய்விட்டது, இறக்கித்தான் ஆகவேண்டும்" என்று பட்டறையில் சொன்னார்கள். சீலின் விலை சிறிது. பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியோ பெரிது. எனவே இயற்பியல் மாணவன் என்ற முறையில், கழற்றுவதற்கு முன் கசிவை ஆராய்ந்து பார்க்க விரும்பினேன். அறிந்தவற்றைச் சக மாணவர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 25 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் நாளொன்றுக்கு 1440 சொட்டு, அதாவது ஏறக்குறைய 58 மி.லி. பத்து நாளில் அரை லிட்டருக்கு மேல் போய்விடும். இரண்டு மூன்று லிட்டரே கொள்ளும் பெட்டிக்கு இது பெரிய இழப்பு. கியர் பெட்டிக்குள் எண்ணெயை மேலேற்ற என்ஜினில் இருப்பதுபோல் பம்பு கிடையாது. சுழலும் பற்சக்கரங்களே வாரி இறைக்கின்றன. மட்டம் தாழ்ந்தால் மேலே உள்ள பேரிங்குகள் உலர்கின்றன. பல் தேய்ந்து இரைச்சல் கேட்கும்போது செலவு பன்மடங்காகியிருக்கும்.

சொட்டு விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. வண்டி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். அது பெட்டியின் அடிப்பகுதி வழியே ஓடி, தாழ்ந்த முனையில் வந்து சொட்டும். ஆகவே அடிப்பாகத்தை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, துடைத்து உலரவிட வேண்டும். பிறகு முகப்பவுடரைத் தூவி, பத்துக் கிலோ மீட்டர் ஓட்டி வந்து பார்த்தால், ஈரத் தடத்தின் மேல் நுனி காரணத்தைக் காட்டிவிடும். (வீட்டிலுள்ளோரின் பவுடர் டப்பாவை எடுக்குமுன் அனுமதி பெறுவது நலம்!)

தடம் முடியும் இடங்கள் பலவாக இருக்கலாம். வடிகால் மரையாணியில் என்றால் வேலை எளிது. அதன் செப்பு வாஷரைச் செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மீண்டும் மென்மையாகும், திரும்பவும் பயன்படும். மூடிகளின் பேக்கிங், ஸ்பீடோமீட்டர் கம்பி நுழையும் இடம் ஆகியவையும் வெளியிலிருந்தே சரிசெய்யத் தக்கவை.

பின்முனைச் சீல் சற்றுச் சிக்கலானது. ரப்பர் உதட்டைச் சிறு சுருள்வில் தண்டின்மேல் அழுத்திப் பிடிக்கும். ஆண்டுகள் செல்ல ரப்பர் இறுகுகிறது. உதடு உரசிய இடத்தில் தண்டிலும் பள்ளம் விழுகிறது. உள்ளே புஷ் தேய்ந்து தண்டு ஆடினால், எத்தனை புதுச் சீல் போட்டாலும் சில மாதங்களே தாங்கும். தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்காமல் சீல் மாற்றுவது வீண் வேலை என்பதே என் கருத்து.

காற்றுத் துளையையும் கவனிக்க வேண்டும். துளை சேற்றால் அடைபட்ட பெட்டியில் 30 டிகிரி செல்சியசில் இருந்த காற்று 90 டிகிரிக்குச் சூடாவதாகக் கொள்வோம். தனி வெப்பநிலையில் 303 என்பது 363 ஆகிறது. கொள்ளளவு மாறாததால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. நல்ல சீலையும் மீறி எண்ணெயைக் கசியவைக்க இது போதும்.

எங்கள் வண்டியில் தடம் முடிந்த இடம் இவற்றுள் எதுவும் அன்று. என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உள்ள கிளட்ச் கூட்டின் அடித்துளையிலிருந்து அது சொட்டியது. பெட்டியின் முன்சீல் கசிந்தாலும் என்ஜினின் பின்முனை கசிந்தாலும் எண்ணெய் அங்கேதான் வரும். வெள்ளைத் தாளில் பிடித்துப் பார்த்தேன். கியர் எண்ணெய் கெட்டியாக, கந்தக வாடையுடன் இருக்கும். இதுவோ கறுத்து, நீர்த்து, வாடையின்றி இருந்தது. என்ஜின் எண்ணெய்!

அம்பாசடரின் அந்தப் பழைய என்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் வடிவமைப்பு. அதன் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகு மரையே சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்புகிறது. தண்டு நின்றால் மரைக்கும் வேலை நின்றுவிடும். ஆகவே நிறுத்திய பின் ஓரிரு சொட்டு விழுவது அதன் இயல்பு. என்ஜினின் காற்றுக் குழாயைக் கழற்றியபோது உள்ளே கரிப்பசை அடைத்திருந்தது. சுத்தம் செய்து மாட்டிய பின் சொட்டுகள் குறைந்தன, முற்றிலும் நிற்கவில்லை. கியர் பெட்டியை இறக்கவில்லை.

எண்ணெய் மாற்றுவோருக்கு ஒரு சொல். வடிகால் ஆணியைத் திறக்குமுன் ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பாருங்கள். கீழே வடித்தபின் மேலே திறக்க மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஊற்றும் எண்ணெய் கையேடு சொல்லும் வகையாக இருக்கட்டும். கடுமையான அழுத்தத்துக்கென்று கந்தகச் சேர்மங்கள் மிகுதியாகச் சேர்த்த சில எண்ணெய்கள் பித்தளை வளையங்களை அரிக்கும். வண்டி சமதரையில் நிற்கவேண்டும். பக்கத் துளை வழியே நிரப்பும் பெட்டியானால், எண்ணெய் துளையின் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம்.