நாழிகையும் யுகமும்: கேள்வி-பதில்

கேள்வி: பஞ்சாங்கத்தில் ஒரு திதி நாழிகை 12.30 என்றிருந்தது. 24ஆல் பெருக்கி 295 நிமிஷம் என்று கண்டேன். வீட்டுப் பெரியவர்கள் பிழை என்கிறார்கள். (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: பெரியவர்கள் சொன்னதே சரி. புள்ளிக்குப் பின் நிற்பது தசமமன்று, விநாழிகை. அறுபது விநாழிகை கொண்டது ஒரு நாழிகையாதலால், நீர் கண்டது பன்னிரண்டரை நாழிகை. அதாவது 300 நிமிஷம், ஐந்து மணித்தியாலம். அதையும் நள்ளிரவிலிருந்து எண்ணிவிடாதீர். பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டதோ அந்த ஊரின் சூரியோதயத்தோடு கூட்டும்.

கேள்வி: நூறு கோடி செக்கன் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்குமா? (மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: தாராளமாக அடங்கும். முப்பத்திரண்டு வயது நிரம்பிய எவரும் அதைக் கடந்தவரே.

கேள்வி: 1996 ஓகஸ்டில் கொழும்பில் பிறந்த என் மகளின் சாதகத்தைச் சாத்திரியார் இருவர் இரு வேறு லக்கினமாகக் கணித்திருக்கிறார்கள். கலியாணப் பேச்சு நடக்கிறது, மனம் கலங்குகிறது. (தாய், வெள்ளவத்தை)

பதில்: கலங்காதீர்கள், அம்மா. 1996 மே 25 முதல் ஒக்டோபர் 26 வரை இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலமும், அதன்பின் 2006 ஏப்ரல் 15 வரை அரை மணித்தியாலமும் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தன. ஒருவர் அதைக் கழித்திருப்பார், மற்றவர் மறந்திருப்பார். ஒரு மணித்தியாலம் என்பது இரண்டரை நாழிகை. சுமார் ஐந்து நாழிகையே நிற்கும் லக்கினத்தில் அது பாதி. பிறந்த நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைக் கழித்து மறுபடி கணிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகாயுகம் 43,20,000 ஆண்டு என்பதெல்லாம் வெறும் அதிசயோக்திதானே? (பல்கலைக்கழக மாணவர், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, அதிசயோக்தி என்று தள்ளுமுன் அந்த எண்ணை ஒரு தரமாவது வகுத்துப் பார்த்தீரா? ஆரியபடர் ஒரு மகாயுகத்துக்கு வகுத்த நாட்கள் 157 கோடியே 79 இலட்சத்து 17 ஆயிரத்து 500. இதை அந்த ஆண்டுத் தொகையால் வகுத்தால், ஓர் ஆண்டுக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை என்று மிச்சமின்றி வரும். விநாழிகையை அறுபது கூறிட்டதில் ஒன்றான தற்பரை, செக்கனில் பாதிக்கும் குறைந்தது. இத்துணை சூட்சுமமான பின்னத்தைத் தசமப் புள்ளியின் துணையின்றி, ஓர் அணுவும் சிந்தாமல் முழு எண்ணாகக் காப்பதற்கே அவ்வளவு பெரிய கலம் வேண்டியிருந்தது. சூரியன் ஒன்றுக்கு மட்டுமென்றால் 576 ஆண்டு போதும். அதில் சரியாக 2,10,389 நாள் அடங்கும். சந்திரன், சனி முதலிய கிரகங்கள் யாவற்றின் சுற்றுக்களையும் ஒரே கலத்தில் முழுமையாக எண்ண விரும்பியபோதுதான் மகாயுகம் அவசியமாயிற்று.

சிறு பின்னத்தைப் புறக்கணித்தால் என்னாகும் என்பதற்கும் நம் வீட்டிலேயே சான்றுண்டு. நம்மவரின் வாக்கிய பஞ்சாங்கம் கொள்ளும் இந்த ஆண்டளவு, பருவங்கள் திரும்பிவரும் ஆண்டினும் ஏறக்குறைய ஒரு நாழிகை நீண்டது. ஒரு நாழிகைதானே என்று விட்டதனால், பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டு உருள்கையில் அது ஒரு முழு நாளாகச் சேர்ந்து, சித்திரைப் புத்தாண்டு பருவத்தைவிட்டு ஒரு நாள் பின்தங்குகிறது. சிற்றளவையும் பேரளவையும் ஒரே கணக்கின் இரு முனைகள். இன்றிரவு ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து, அந்த வகுத்தலை உம் கையாலேயே செய்து பாரும், பிறகு எழுதும்.