பாட்டை வேலைக்குள் இறக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

காலையில் மிஷினில் உட்கார்ந்தால் ராத்திரி வரை பனியனுக்குக் கை ஏற்றுவதே வேலை, மூளை மரத்துப்போகிறது என்று போனில் சொன்னாய். ஒன்றரை ஷிப்ட் என்றால் அப்படித்தான். கம்பெனியில் போடும் பாட்டும் இரைச்சலாகவே இருக்கிறது என்றாய். வேலையை மறக்கத்தானே பாட்டைக் கேட்கிறாய்? அங்கேதான் இடிக்கிறது.

உன் தாத்தா ஏற்றம் இறைத்தவர். மேலே மரத்தில் நடப்பவரும் கீழே சால் பிடிப்பவரும் மாறி மாறிப் பாடுவார்கள். பொழுது போவதற்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே வரும். காலும் கையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதும் அதை வைத்துத்தான்.

வெள்ளைக்காரனும் இதைக் கண்டுகொண்டான். 1940 ஜூனில், யுத்தம் நடக்கும்போது, தொழிற்சாலைக்காரர்களுக்கென்றே பிபிசி ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ என்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தது. பகலில் அரைமணி அரைமணியாகத்தான். நாள் முழுக்கக் கிடையாது. பழகின மெட்டு, ஏறி இறங்காத சத்தம். கைதட்டச் சொல்லும் பாட்டு ஆகாது. டெக்சாஸைப் பற்றிய ஒரு பாட்டு வந்தால் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுத் தாளம் தட்டுவார்கள் என்று அதையே தள்ளிவைத்தார்கள். நிகழ்ச்சி 1967 வரை ஓடியது.

அதனால் நீயும் எந்நேரமும் பாட்டு வேண்டும் என்று இராதே. கை தானாக ஓடுகிற வேலைக்கு, அலுப்புத் தட்டுகிற பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் வைத்துக்கொள். நன்றாகத் தெரிந்த பாட்டாக இருக்கட்டும். புதுப் பாட்டு காதை இழுக்கும். புது ஸ்டைல் வந்து முதல் நாலு பீஸ் தைக்கும்போதும், பண்டல் எண்ணும்போதும் நிறுத்திவிடு. இயர்போன் வேண்டவே வேண்டாம். நூல் அறுந்தால், ஊசி தட்டினால் மிஷின் சத்தம் மாறும். அது உன் காதில் விழுந்தாக வேண்டும்.

கலகலப்பு என்பது பாட்டில் மட்டும் இல்லை. நான் கம்பெனியில் தைத்த காலத்தில் எங்கள் செக்ஷனில் கைமடி வேலை பார்க்கும் அக்கா ஒருத்தர் இருந்தார். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒவ்வொரு பண்டல் முடியும்போதும் திருச்சி பஸ் கண்டக்டர் மாதிரி “காங்கேயம் எறங்கு!” என்பார். அடுத்தது வெள்ளகோவில், அப்புறம் கரூர், குளித்தலை. திருச்சி வந்தால் டீ. திருச்சிப் பக்கத்து ஆட்கள் நாங்கள் பாதிப் பேர். ஊர் போய்ச் சேர்கிற அவசரத்தில் தைப்போம். சூப்பர்வைசரே ஒருநாள் “எந்த ஊர் வந்திருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த அக்காவுக்கு முழங்கால் வலி, வீட்டில் கடன். வலிக்கிறது என்று சொல்லவும் செய்வார், அடுத்த ஊரையும் கூவுவார். சிரிப்பை மூடிபோல் போட்டு வலியை மறைக்கிற ஆள் இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

சிரித்த முகம் என்றால் எதற்கும் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்ளாதே. டேமேஜ் என்று சொல்லிக் கூலியில் பிடித்தால் முணுமுணுத்துப் பாடிக்கொண்டு இருக்காதே. பீஸ் கணக்கைத் தினமும் நோட்டில் எழுதி வை, அதை எடுத்துக்கொண்டு போய்க் கேள்.

தீபாவளிக்கு பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. போனஸ் தேதி தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிடு. உன் அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா