தாய்ப்பாலும் சிசுவின் குடல் பற்றீரியாக்களும்

“முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் வழங்கப்படல் வேண்டும்.” இவ்வசனத்தை எழுதாத மாணவர் இல்லை. ஆனால் “ஏன் மட்டும்?” என வினவினால் பலர் “சத்து உள்ளது” என்பதோடு நிறுத்திவிடுகின்றனர். காரணத்தை விளங்கிக் கொள்வோம்.

1. நன்மை தரும் பற்றீரியாக்கள்

பிறக்கும்போதும் அதன் பின்னரும் தாயின் உடல், தாய்ப்பால், சூழல் என்பவற்றிலிருந்து பற்றீரியாக்கள் சிசுவின் குடலை அடைகின்றன. இவை அனைத்தும் தீயவை அல்ல. 1899 இல் பரிஸ் பாஸ்டர் நிறுவகத்தைச் சேர்ந்த ஹென்றி டிசியே, தாய்ப்பால் அருந்தும் சிசுவின் மலத்திலிருந்து பிபிடோபற்றீரியத்தை வேறாக்கிப் பெற்றார். இது நன்மை தரும் பற்றீரியாவாகும்.

2. தாய்ப்பாலின் பங்கு

(அ) இலற்றோசு, கொழுப்பு என்பவற்றுக்கு அடுத்ததாகத் தாய்ப்பாலில் அதிகமுள்ள திண்மக் கூறு ஒலிகோசக்கரைட்டுகள் ஆகும். இவற்றைச் சமிபாடடையச் செய்யும் நொதியங்கள் சிசுவிடம் இல்லை. எனவே இவை பெருங்குடலை அடைந்து பிபிடோபற்றீரியாக்களுக்கு உணவாகின்றன. அதாவது தாய் தன் பிள்ளைக்கு மட்டுமன்றி, பிள்ளையைக் காக்கும் பற்றீரியாக்களுக்கும் உணவூட்டுகின்றாள்.

(ஆ) அப்பற்றீரியாக்கள் அசற்றிக்கமிலம், இலற்றிக்கமிலம் என்பவற்றை உருவாக்கும். குடலில் அமிலத்தன்மை கூடுவதால் நோயாக்கும் பற்றீரியாக்கள் பெருகுவது கடினமாகும்.

(இ) முதற்பாலில் (கடும்புப்பால்) பிறபொருளெதிரிகள் செறிந்துள்ளன. ஆகவே அதைக் கறந்து ஊற்றிவிடலாகாது.

3. ஆறு மாதங்களின் பின்

மேலதிக உணவுகளுடன் 2 வயது வரையும் அதற்கு அப்பாலும் தாய்ப்பால் தொடர வேண்டும். உணவு பலவகைப்படும்போது குடல் பற்றீரியாக்களும் பலவகைப்படும். ஏறத்தாழ 3 வயதில் அவை வளர்ந்தோருடையதை ஒத்துக் காணப்படும்.

மாதிரி வினா

வெயில் காலமாகையால், தாய்ப்பால் மட்டும் அருந்தும் 4 மாதக் குழந்தைக்குத் தண்ணீர் பருக்க வேண்டுமென அம்மம்மா கூறுகிறார். இது பொருத்தமற்றது என்பதற்கு மூன்று காரணங்கள் தருக.

விடை

• தாய்ப்பாலில் ஏறத்தாழ 87% நீர் உள்ளதால் வேறு நீர் தேவையில்லை.
• சுத்தமற்ற நீர், போத்தல் மூலம் நோயாக்கும் பற்றீரியாக்கள் குடலை அடைந்து வயிற்றோட்டம் ஏற்படலாம்.
• வயிறு நீரால் நிரம்புவதால் குழந்தை பால் உறிஞ்சுவது குறையும். அதனால் பால் சுரப்பதும், நல்ல பற்றீரியாக்களுக்குக் கிடைக்கும் உணவும் குறையும்.

கவனிக்க: “மட்டும்” என்பது தண்ணீரையும் விலக்கும், வைத்தியர் பணிக்கும் மருந்தை விலக்காது. இதனைப் பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்கும். வீட்டில் எடுத்துச் சொன்னால் ஒரு குழந்தை நோயிலிருந்து காக்கப்படும்.