கதை சொல்வோன் அறியவேண்டிய மனவியல்பு

யாழ்ப்பாணத்துச் சைவாலயங்களிலே புராணபடனம் நிகழுங்கால், ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணம் இங்ஙனமே தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டு வருகின்றது. பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களையுடைய அந்நூலின் முடிவை அறியாதார் அச்சபையில் ஒருவருமிலர். சூரபன்மன் மாமரமாய் நிற்பதும், வேலினாற் பிளவுண்டு மயிலுஞ் சேவலுமாவதும் சிறுவரும் அறிந்தன. அறிந்திருந்தும் ஆண்டுதோறும் வந்து கேட்கின்றனர், கண்ணீரும் விடுகின்றனர். முடிவு தெரிந்த கதை மனத்தை ஈர்ப்பது எங்ஙனம்? இதற்கு விடை காணின், கதை சொல்லும் ஆற்றலின் வேர் எதுவென்பது விளங்கும்.

1. உடனிருத்தல்

மேல் யாது நிகழுமென்னும் அவா முதன்முறை கேட்பதோடு தீர்ந்துவிடும். தீராதது வேறொன்றுண்டு. அஃதியாதெனின், கேட்போன் கதையிலுள்ள ஒருவனது நெஞ்சினுட் புகுந்து, அவனோடு தானுந் தடுமாறுதலாம். முருகப்பெருமான் தமது பெருவடிவத்தைக் காட்டியருளியபொழுது சூரபன்மன் வியந்து நின்றான். வலம்வரவும் வணங்கவும் அவனுறுப்புக்கள் விரும்பின. மானம் ஒன்றே தடுத்தது. பெருமான் அவ்வடிவத்தை நீக்கிய அளவிலே பழைய செருக்கு மீண்டது. இவ்விடத்து, முடிவை நன்கறிந்த கிழவரும், “இம்முறையாயினும் இவன் பணிந்துவிடமாட்டானா?” என்று ஏங்குவர். அறிவு முடிவைக் கண்டுநிற்க, நெஞ்சம் அவனருகில் நிற்கின்றது. தாம் மானத்தாற் பணியாதுவிட்ட நாள்களும் அப்பொழுது அவர்க்கு நினைவில் எழும்.

2. இடம் விடுதல்

அடியேன் முதன்முதற் பயன்சொல்லப் புகுந்த ஆண்டிலே, இப்பகுதியை விரிக்குமுன்னரே ஆணவமலத்தின் இயல்பை நெடுநேரம் எடுத்தோதினேன். படனம் முடிந்தபின் மூதாட்டியொருவர் அணுகி, “தம்பி, சூரனைக் கொஞ்சம் கதைக்க விடும்; நீர் பிறகு கதைக்கலாம்” என்றார். அச்சொல் எனக்குப் பெரும்பாடமாயிற்று. மனமானது தான் தேடிக் கண்டதைத் தன்னுடைமையாகப் பற்றும். பிறர் கையிற் கொடுத்ததை அயற்பொருளாகவே வைத்திருக்கும். நீதியை முன்னே சொல்லிவிடின், கேட்போன் செய்தற்குத் தொழிலொன்றும் இல்லையாம்.

இவ்வுண்மையை இளமையிலேயே கண்டும் நான் மறந்திருந்தேன். மிஷனரிமார் நிறுவிய கல்லூரியிற் பயின்ற காலத்தில், ஓராசிரியர் விவிலியத்திலுள்ள கெட்டகுமாரன் உவமையைச் சொன்னார். வீட்டைவிட்டுச் சென்று பொருளையெல்லாம் அழித்து மீண்ட இளையவனுக்கு விருந்து நடக்கின்றது. மூத்தவன் சினந்து புறத்தே நிற்கின்றான். தந்தை வெளியே வந்து வருந்தியழைக்கின்றார். அவன் உள்ளே சென்றானோ? நூல் சொல்லவில்லை. ஆசிரியரும் யாதுஞ் சொல்லாது புத்தகத்தை மூடினார். மணியடித்த பின்னரும் நாங்கள் வேப்பமரத்தடியிலே நின்று வழக்காடினோம். அன்று அவர் விளக்கம் உரைத்திருப்பின் அதனை மறந்திருப்பேன். உரையாதுவிட்டமையால் இன்றும் மறந்திலேன்.

3. பழகியது கொண்டு பழகாதது உணர்த்தல்

கேம்பிரிட்ஜ் உளநூலறிஞர் பார்ட்லெட் என்பவர், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயர் சிலர்க்குப் படிக்கக் கொடுத்து, பின்னர் நினைவிலிருந்து எழுதுவித்தார். அவ்வாராய்ச்சியை 1932 இல் நூலாக வெளியிட்டார். படித்தவர் தமக்குப் புதியனவற்றை விடுத்தும், பழகியவற்றுக்கு இயைய மாற்றியும் எழுதினர். கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. ஆகவே மனம் கதையை ஏடுபோல அப்படியே ஏற்பதன்று. தன்னிடத்து முன்னுள்ளவற்றோடு பிணைத்தே ஏற்கும். ஆதலின், கடல்நடுவே சூரன் மாமரமாகி அசைந்ததைச் சொல்லுங்கால் அடைமொழிகளை அடுக்குதலாற் பயனில்லை. சோளகக்காற்றிலே பனந்தோப்பு இரையும் ஓசையை நினைப்பித்தால் அதுவே போதும். ஆறுமுகநாவலரவர்கள் 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கியதும், 1852 இற் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டதும், கேட்போரும் படிப்போரும் நிற்கும் இடத்துக்கே பொருளைக் கொண்டுசென்ற செயல்களாம்.

இக்காலத்துப் பயன்சொல்லுவோர் அருகிவிட்டனர். இளைஞர் மண்டபத்துள் வந்திருப்பதும் அரிதாயிற்று. அவர்க்குக் கதையில் விருப்பமில்லை என்பது பொருந்தாது. வேறிடங்களிலே இராமுழுதும் கதை காண்கின்றனர். நாம் அவர்க்குக் கதையைக் கொடாது, கதையின் முடிபுரையை மாத்திரம் கொடுத்தோமோவென்று நம்மையே வினாவுதல் தகும். பயன்சொல்லுவோன் முதலிற் கதையினுட் புகுக. பின்பு கேட்போர்க்கு வழிவிடுக. இறுதியிலே தான் சொல்லவேண்டியது எஞ்சியிருப்பின் அதனைச் சுருக்கிச் சொல்லுக.

அப்பியாச வினாக்கள்

1. முடிவு தெரிந்த கதை சுவை குன்றாமைக்குக் காரணம் யாது?
2. நீதியை முன்னே சொல்லுதலால் வருங் குற்றம் யாது?
3. சிங்கமுகாசுரன் தமையனுக்கு நல்லறிவு புகட்டியும், அவன் கேளாதபோது அவன்பொருட்டே போர்புரிந்து மாண்டான். இப்பகுதிக்குப் பயன்சொல்லுங்கால் எவ்விடத்து மௌனமாய் நிற்பீர்? ஏன்?