வேலியோரக் கருவேலந்தூரை அகற்றுவது எப்படி?

பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத் தோட்டங்களில் வேலி பழுதாவதற்குச் சீமைக்கருவேல மரமும் ஒரு காரணமாகும். விறகுக்காகத் தரைமட்டத்தில் வெட்டினால் இம்மரம் அழிவதில்லை. தூரிலிருந்து பல தளிர்கள் கிளம்பிப் பருத்து முள்கம்பியைத் தள்ளும், கல்தூணையும் சாய்க்கும். அந்தச் சந்தில் ஒரே இரவு ஆடுகள் புகுந்தால் மிளகாய்த் தோட்டத்தில் பட்ட பாடு வீணாகிவிடும்.

தளிர்விடும் மொட்டுகள் தூரில் மண்ணுக்குள்ளும் உள்ளன. ஆகவே தூரை மண்ணுக்குள்ளேயே அறுத்து எடுக்க வேண்டும்.

புரட்டாசியில் ஒரு மழை பெய்து கரிசல் மண் இளகியதும் வேலையைத் தொடங்கலாம். மரத்துக்குள் புதைந்த கம்பியை இழுக்கக் கூடாது. இருபுறமும் அரை அடி விட்டு வெட்டி, பிறகு புதுக்கம்பியால் இணைக்க வேண்டும். தூரைச் சுற்றி ஒன்றரை அடி ஆழம் தோண்டி, பக்க வேர்களைக் கோடரியால் வெட்டவும். ஆணிவேரை ஓர் அடிக்குக் கீழே துண்டித்து, கடப்பாரையால் நெம்பினால் தூர் வெளிவரும். முள் செருப்பையும் துளைக்குமாதலால் கவனம் தேவை. தூரைக் கரிமூட்டத்துக்கு விற்கலாம்.

குழியில் மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டு இடித்து இறுக்கவும். இளகிய அந்த மண்ணில் தூண் நிற்காது. சற்றுத் தள்ளி, கெட்டியான நிலத்தில் இரண்டடி ஆழத்தில் ஊன்றவும். ஐப்பசி மழையோடு இடைவெளியில் ஓர் அடிக்கு ஒன்றாகக் கிளுவைப் போத்துகளை நட்டால் நாளடைவில் உயிர்வேலியாகும்.

அடுத்த கோடை வரை மாதம் ஒருமுறை அவ்விடத்தைப் பார்த்து, புதுத்தளிர் தென்பட்டால் உடனே வேரோடு தோண்டி எடுத்துவிட வேண்டும்.