நாலு சக்கர இழுவை டிராக்டர் இறுகி நிற்பது ஏன்?
கியர் பெட்டி மாற்றியபின் கவனிக்க வேண்டியவை

சிறு விவசாயிகளிடையே நாலு சக்கர இழுவை உள்ள மினி டிராக்டர்களின் உபயோகம் பெருகி வருகிறது. சேற்றுழவுக்கும் தோட்டங்களில் மரங்களுக்கு இடையே உழுவதற்கும் இவை ஏற்றவை. இத்தகைய டிராக்டரின் கியர் பெட்டி உடைந்துவிட்டால் புதிய பாகங்களின் விலை அதிகமாக இருப்பதால், பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய கியர் பெட்டியை வாங்கிப் பொருத்திக் கொள்வது வழக்கமாக உள்ளது. பொருத்திய சில நாட்களிலேயே வண்டி திருப்பத்தில் இறுகுகிறது, முன் டயர் தேய்கிறது, லிவர் விடுபட மறுக்கிறது என்ற தொல்லைகள் தோன்றுவது உண்டு. கவனிக்காமல் ஓட்டினால், மிச்சம் பிடித்த பணத்தைப் போல் பல மடங்கு செலவு வந்து சேரும். இதன் காரணத்தையும், கண்டறியும் வழியையும், நிவர்த்தியையும் விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சக்தி செல்லும் வழி

எஞ்சினின் சக்தி கிளட்ச் வழியாகக் கியர் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து பினியன் என்னும் சிறு பல்சக்கரமும் கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரமும் அதைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கின்றன. நாலு சக்கர இழுவை வண்டியில், பினியன் தண்டோடு இணைந்த இன்னொரு பல்சக்கரத்திலிருந்து நீண்ட ஷாப்ட் ஒன்று முன் அச்சுக்குச் செல்கிறது. முன் அச்சிலும் தனியாக ஒரு கிரவுனும் பினியனும் உள்ளன.

லிவரைப் போட்டதும் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் பல்லோடு பல்லாகப் பிணைக்கப்படுகின்றன. இடது வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற டிபரன்ஷியல் உண்டு. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே டிபரன்ஷியல் கிடையாது. ஆகவே பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது முன் சக்கரம் இத்தனை சுற்று சுற்றியே தீர வேண்டும் என்பது பற்களின் எண்ணிக்கையால் நிச்சயிக்கப்பட்டு விடுகிறது.

முன் சக்கரம் சற்று முந்த வேண்டும்

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. இதற்கு இடம் கொடுக்கவும், முன் சக்கரம் நிலத்தைப் பற்றி இழுக்கவும், முன் சக்கரத்தின் ஓட்டம் பின் சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் வரை கூடுதலாக இருக்கும்படி டிராக்டர்கள் அமைக்கப்படுகின்றன. இதனை முந்துதல் எனலாம்.

எடுத்துக்காட்டாக, ஒரு வண்டியின் பின் டயர் ஒரு சுற்றில் 340 செ.மீ. உருள்கிறது, முன் டயர் 220 செ.மீ. உருள்கிறது. பின் சக்கரம் ஒருமுறை சுற்றும்போது முன் சக்கரம் 1.59 முறை சுற்றும்படி பற்கள் அமைந்துள்ளன என்று வைத்துக் கொள்வோம். முன் சக்கரம் ஓட முயலும் தூரம் 220 x 1.59 = சுமார் 350 செ.மீ. இது 340ஐவிட ஏறத்தாழ 3 சதவீதம் அதிகம். இது சரியான அளவு.

கோளாறு எங்கே வருகிறது?

வெளிப் பார்வைக்கு ஒரே மாதிரியாக உள்ள இரண்டு கியர் பெட்டிகளுக்குள் பல் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். ஒன்றில் பினியனுக்கு 9 பல்லும் கிரவுனுக்கு 41 பல்லும் இருந்தால் விகிதம் 4.56. மற்றொன்றில் 8 பல்லும் 39 பல்லும் இருந்தால் விகிதம் 4.88. இரண்டுக்கும் வித்தியாசம் 7 சதவீதம். போல்ட் துளைகள் பொருந்தும், வண்டி ஓடும், இரண்டு சக்கர இழுவையில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் முதல் பெட்டி இருந்த இடத்தில் இரண்டாவதைப் பொருத்தினால் பின் சக்கரங்கள் 7 சதவீதம் மெதுவாகச் சுற்றும். முன் அச்சோ பழையபடியே சுற்றும். 3 சதவீதமாக இருந்த முந்துதல் 10 சதவீதமாகிவிடும். நூறு மீட்டர் தூரத்தில் முன் சக்கரம் 110 மீட்டர் ஓட முயலும்.

சேற்றில் அந்தப் பத்து மீட்டரும் வழுக்கலில் போய்விடும். காய்ந்த மண்ணிலோ தார் ரோட்டிலோ டயர் வழுக்காது. ஆகவே அந்த வித்தியாசம் முழுவதும் ஷாப்டிலும் பற்களிலும் முறுக்காக ஏறுகிறது. கயிற்றை இரு முனையிலும் பிடித்து முறுக்குவது போன்றதே இது. முறுக்கு தாங்க முடியாத நிலையில் டயர் வெடுக்கென்று வழுக்கும்; அல்லது ஷாப்ட் மூட்டோ பல்லோ உடையும்.

மாறாக, 4.88 விகிதப் பெட்டி இருந்த இடத்தில் 4.56 பெட்டியைப் பொருத்தினால் முன் சக்கரம் பிந்தும். அப்போது முன் சக்கரம் இழுப்பதற்குப் பதிலாகப் பிரேக் போட்டது போல் பின்னுக்கு இழுக்கும், டீசல் வீணாகும்.

ஜீப்புகளிலும் கார்களிலும் இதே விதிதான். 1941 முதல் 1945 வரை தயாரான போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் அச்சு விகிதம் 4.88. 1945ல் பொதுமக்களுக்கென வெளிவந்த வில்லிஸ் ஜீப்பில் அது 5.38. இவற்றில் ஒன்றின் முன் அச்சை மற்றொன்றில் மாட்டினால் 10 சதவீத வித்தியாசம் வந்து வண்டி இறுகும். தானியங்கி கியர் பெட்டி உள்ள சில நாலு சக்கர இழுவைக் கார்களில் முன் சக்கரங்களின் கிரவுனும் பினியனும் கியர் பெட்டிக்குள்ளேயே அமைந்துள்ளன. வேறு விகிதமுள்ள பெட்டியை மாட்டினால் பின் அச்சையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும்.

அறிகுறிகள்

1. நாலு சக்கர இழுவையில் திரும்பும்போது ஸ்டீயரிங் மிகக் கனமாவது. வண்டி துள்ளித் துள்ளித் திரும்புவது.
2. லிவரை விடுவிக்க முடியாமல் சிக்கிக் கொள்வது.
3. முன் டயர் பட்டைகள் வெகு சீக்கிரம் தேய்வது.
4. 'டக்' என்ற சத்தமும் ஷாப்ட் மூட்டில் சூடும்.
5. கிளட்சை மிதித்ததும் வண்டி தானாகவே சட்டென்று நின்றுவிடுவது.

லிவர் சிக்கிக் கொண்டால் சுத்தியலால் அடிக்கக் கூடாது. சமதரையில் நேராகச் சில மீட்டர் பின்னுக்கு ஓட்டினால் முறுக்கு தளர்ந்து லிவர் விடுபடும். இளகிய மண்ணில் இது இன்னும் சுலபம். முறுக்கேறிய நிலையில் ஷாப்ட் போல்ட்டைக் கழற்றுவதோ சக்கரத்தை ஜாக்கியில் தூக்குவதோ ஆபத்து. சக்கரமோ ஷாப்டோ திடீரென்று சுழன்று கையை அடித்துவிடும்.

காரணத்தைப் பிரித்து அறிதல்

இறுக்கம் எல்லாமே பல் விகிதத்தால் வருவதல்ல. முதலில் எளிய காரணங்களைப் பார்க்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டியபின் பிரேக் டிரம்களைத் தொட்டுப் பார்த்தால் பிரேக் பிடித்தபடி உள்ளதா என்பது சூட்டில் தெரியும். டிபரன்ஷியல் பூட்டும் பெடல் முழுவதும் மேலே திரும்புகிறதா, இழுவை லிவரின் கம்பி சரியான நீளத்தில் மாட்டப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். கம்பி நீளம் தவறினால் லிவர் விடுபட்டது போல் தெரியும். உள்ளே பல் விடுபட்டிருக்காது.

அடுத்து, முன் ஷாப்டைக் கழற்றிப் பார்ப்பது உறுதியான சோதனை. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முறுக்கு தளர்ந்தபின் கழற்ற வேண்டும். ஷாப்ட் இல்லாமல் ஓட்டும்போது இறுக்கம் மறைந்துவிட்டால் கோளாறு விகிதத்திலோ டயரிலோ முன் அச்சிலோ உள்ளது. அப்போதும் இறுகினால் கியர் பெட்டிக்குள் பேரிங்கோ, கிரவுன் பினியன் இடைவெளியோ மிகவும் இறுக்கமாக வைக்கப்பட்டுள்ளது என்று அறியலாம். அப்போது பெட்டி சூடேறி ஊளைச் சத்தம் வரும்.

சுற்று எண்ணும் முறை

விகிதம் சரியா என்பதைச் செலவில்லாமல் விவசாயியே கண்டுபிடிக்கலாம்.

ஒரு பின் டயரிலும் அதே பக்கத்து முன் டயரிலும் சுண்ணாம்பால் கோடு போட வேண்டும். டயர்களில் காற்று சரியான அளவில் இருக்க வேண்டும். கருவி எதையும் மாட்டாமல், இளகிய சமநிலத்தில், மிக மெதுவாக, நேராக ஓட்ட வேண்டும். ஒருவர் ஓட்ட, வேறு இருவர் வண்டியிலிருந்து எட்டி நடந்து ஆளுக்கொரு சக்கரத்தை எண்ண வேண்டும். முதலில் நாலு சக்கர இழுவை இல்லாமல், பின் சக்கரம் 20 சுற்று சுற்றும்போது முன் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று குறிக்க வேண்டும். அரைகுறைச் சுற்றை டயர் பட்டைகளைக் கொண்டு கணக்கிடலாம். பிறகு லிவரைப் போட்டு அதே போல் எண்ண வேண்டும்.

மேலே சொன்ன வண்டியில் முதல் எண்ணிக்கை 30.9 ஆக இருக்கும். சரியான பெட்டியானால் இரண்டாவது எண்ணிக்கை 31.8. வித்தியாசம் 0.9, அதை 30.9ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3 சதவீதம். தவறான பெட்டியானால் இரண்டாவது எண்ணிக்கை 34. முந்துதல் 10 சதவீதம். இரண்டாவது எண்ணிக்கை முதலாவதைவிடக் குறைந்தால் முன் சக்கரம் பிந்துகிறது என்று அர்த்தம்.

டயரும் காரணமாகலாம்

பெட்டி சரியாக இருந்தும் டயரால் கணக்கு தவறலாம். பின் டயரின் பட்டை 2 செ.மீ. தேய்ந்தால் சுற்றளவு ஏறத்தாழ 12.5 செ.மீ. குறையும். மேற்படி வண்டியில் முந்துதல் 3லிருந்து ஏறத்தாழ 7 சதவீதத்துக்கு ஏறிவிடும். முன் டயர் 1.5 செ.மீ. தேய்ந்தால் முன் சக்கரம் பிந்தத் தொடங்கும். எனவே முன் டயரை மட்டும் வேறு அளவில் மாற்றுவதும், தேய்ந்த பின் டயரோடு புது முன் டயரைப் போடுவதும் சுற்று எண்ணிப் பார்த்தபின்பே செய்ய வேண்டியவை. இடது வலது டயர்கள் ஒரே அளவில் இருப்பதும் அவசியம்.

நிவர்த்தி

1. உடைந்த பழைய பெட்டியின் கிரவுனும் பினியனும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே புதிய பெட்டிக்குள் மாற்றலாம். இரண்டும் ஜோடியாகவே மாற்றப்பட வேண்டும். ஒன்றின் பினியனை மற்றொன்றின் கிரவுனோடு சேர்க்கவே கூடாது.
2. பெட்டி எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதே வண்டியின் முன் அச்சையும் வாங்கிப் பொருத்தலாம். அந்த வண்டியின் டயர் அளவும் ஒத்துப் போக வேண்டும்.
3. வித்தியாசம் சிறிதாக இருந்தால் டயர் அளவை மாற்றிச் சரி செய்யலாம். திரும்பும்போது டயர் வண்டியில் உரசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
4. சரி செய்யும் வரை இரண்டு சக்கர இழுவையில் மட்டும் ஓட்ட வேண்டும். பல டிராக்டர்களில் முன் சக்கரங்களுக்குத் தனிப் பிரேக் இல்லை. இழுவை லிவர் போட்டிருந்தால்தான் முன் சக்கரமும் பிரேக்குக்கு உதவும். எனவே ஷாப்டைக் கழற்றிய வண்டியில் பாரம் ஏற்றிய டிரெய்லரைச் சரிவில் இறக்கக் கூடாது.

வாங்கும்போது

பழைய பெட்டி வாங்கச் செல்பவர் தம் வண்டியின் மாடல் எண், டயர் அளவு, கிரவுன் பினியன் பல் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். கடையில் மூடியைத் திறக்கச் சொல்லிப் பற்களை எண்ண வேண்டும். அச்சின் ஒரு முனையை மட்டும் சுற்றிக் கணக்கிட்டால் டிபரன்ஷியலால் கணக்கு தவறும். கிரவுன் சக்கரத்தையே பார்த்து எண்ண வேண்டும். சக்கரத்தை ஒட்டியுள்ள இறுதிப் பல்சக்கரங்களையும், முன் ஷாப்டுக்குச் சக்தி தரும் பல்சக்கரத்தையும் இவ்வாறே ஒப்பிட வேண்டும். ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொள்வதாகக் கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது.

சரியான பெட்டி உள்ள வண்டியிலும் கெட்டியான ரோட்டில் நாலு சக்கர இழுவையைப் போட்டுத் திருப்பக் கூடாது. சேற்றிலும், இளகிய மண்ணிலும், பாரத்தோடு நேராகச் சரிவில் இறங்கும்போதும் மட்டுமே அதைப் பயன்படுத்தி, வரப்பைத் தாண்டி ரோட்டுக்கு ஏறியதும் லிவரை எடுத்துவிடும் பழக்கம் டயருக்கும் கியருக்கும் ஆயுளைக் கூட்டும்.